பதினேழு விநாடி

காலை 6.40. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பதினோராம் கட்டிலில் இனயத்து மீனவர் ஆன்ட்ரூஸ் இறந்துகிடந்தார். வயது நாற்பத்தாறு. மூத்திரப் பாதை ஊசித்துளையாகச் சுருங்கி, தேங்கிய நீரில் கிருமி பெருகி, விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது.

காலை 9.30. எஸ்.ஐ. அஜிதா டாக்டர் மேலான புகாரோடு வந்தாள். ஆன்ட்ரூஸின் மனைவி சொல்லச் சொல்ல, அவர் தம்பி எபிசன் எழுதியது. போன வருஷம் அடைப்பை அறுத்துச் சரிசெய்த டாக்டர் ராஜகுமார், அதன்பிறகு மூன்று தடவை 'சுருக்கம் இல்லை' என்று கோப்பில் எழுதியிருந்தார்.

டாக்டர் மூன்று தாள்களை மேசையில் பரப்பினார்.

"மெஷினில் மூத்திரம் போனால் வேகத்தை அதுவே வரையும். சுருக்கம்னா கோடு தட்டையா நீளும். இது மூணும் குன்று மாதிரி ஏறி இறங்குது. பதினேழு விநாடி. நான் பொய் எழுதல்ல மேடம்."

தாள்களை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அஜிதாவின் அப்பாவுக்கு வடசேரிச் சந்தையில் கடை. கெட்டுப்போனதைத் தெரிந்தே விற்பவன் சரக்கை இப்படித் திருப்பிக் காட்டமாட்டான் என்பது அவளுக்குத் தெரியும்.

"அந்த ரூமில கூட யாரு நிப்பா?" நர்ஸ் ஸ்மைலினைக் கேட்டாள்.

"யாரும் நிக்க மாட்டோம். ஒரு லிட்டர் தண்ணி குடிக்கச் சொல்லிட்டு, அப்புறம் பேரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்து விடுவேன். ஆம்பிளைகளுக்குக் கூச்சம்லா மேடம்? நான் மூஞ்சியப் பாக்கமாட்டேன். கோப்பைத்தான் பாப்பேன்."

காலை 11.10. மனைவி சத்தியபாய் வராந்தாச் சுவரோரம் இருந்தாள். பக்கத்தில் எபிசன்.

"வீட்டில எப்படி இருந்தாரு?"

"கக்கூஸில பைப்பத் திறந்துவிட்டுட்டுப் பத்து நிமிஷம் நிப்பாரு."

"செக்கப்புக்கு யாரு கூட வந்தா?"

"எபிசனுக்க ஆட்டோதான். நான் ஆட்டோவிலயே இருப்பேன். ஆம்பிளைச் சீக்குக்கு நான் என்னத்துக்கு உள்ள?" அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்தாள். "திரும்பி போவும்போ அவரு சும்மா இருப்பாரு. இவனுக்குத்தான் ஒண்ணுக்குப் போவ ரெண்டு எடத்தில வண்டிய நிறுத்தணும். 'ஏலே, சீக்கு உனக்கா எனக்கா'ன்னு கேலி பண்ணுவாரு."

அஜிதா எபிசனிடம் திரும்பினாள்.

"டெஸ்டுக்கு முன்னால ஒரு லிட்டர் தண்ணி குடிக்கணும். குடிச்சது யாரு?"

அவன் எழும்பப் பார்த்தான். அஜிதா கையமர்த்தினாள்.

"வீட்டில பத்து நிமிஷம் நிக்கிற மனுஷன் இங்க பதினேழு விநாடியில முடிக்க முடியாது. பேரைக் கூப்பிட்டதும் எழும்பிப் போனது நீ. மூணு தடவையும். சரியா?"

"திரும்ப அடைச்சா கன்னத்து உள்தோல வெட்டி அங்க வச்சுத் தைக்கணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு மேடம். புயலில மூணு பிணத்தத் தனியாத் தூக்கிட்டு வந்தவன் எனக்க அண்ணன். அதுக்குப் பயந்து அந்த பெஞ்சில எனக்க கையப் பிடிச்சுட்டு அழுதான். 'இந்த ஒரு மட்டம் நீ போயிரு மக்கா'ன்னான். ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு மட்டம்னுதான் போனேன்." அவள் கையிலிருந்த புகாரைக் காட்டினான். "டாக்டர் பேர வெட்டிட்டு எனக்க பேர எழுதுங்க."

சத்தியபாய் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். கை பாதியிலேயே இறங்கி அவன் தலையில் நின்றது.

"பைப்புத் தண்ணிச் சத்தத்துக்கு அடியில அவரு முனகுதது எனக்குக் கேக்கும் மக்கா," என்றாள். "கூச்சப்படுவாருன்னு நான் அடுக்களைக்குப் போயிருவேன்."