ஏழாவது பெயர்

“காப்பி ஆறிப்போச்சுன்னு யாராவது அவகிட்ட சொல்லுங்கப்பா!” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள் மாமியார் மஹ்பூபா. சமையலறையில் அவளையும் மருமகள் நஜ்வாவையும் தவிர வேறு யாருமில்லை.

நாற்பது நாளாக இதே கூத்துதான். ஊரையே வாட்டிய தொற்றுக் காய்ச்சலுக்கென்று கைருவான் நகரில் எங்கள் பேட்டைச் சுகாதார நிலையத்துக்கு முதலில் வந்த தடுப்பூசி ஏழே பேருக்குத்தான். பட்டியல் போட்டவள் நர்ஸ் நஜ்வா. ஏழாவதாக மாமியாரை எழுதாமல், இறந்தவர்களின் மய்யித்தைக் குளிப்பாட்டும் ஹனியாவை எழுதிவிட்டாள். மருத்துவமனை ஊழியர் கணக்கில் ஹனியாவைப் போன்றவர்களை யாரும் சேர்ப்பதில்லை.

“பெத்த தாயா நெனச்சேனேடி... பொணம் கழுவுறவ உனக்கு ஒசத்தியாப் போயிட்டாளா!” என்று அன்று கத்தியவள்தான். அதன்பின் நஜ்வாவின் முகம் பார்த்து ஒரு சொல் இல்லை.

தாயில்லாமல் வளர்ந்தவள் நஜ்வா. திட்டாவது கிடைக்காதா என்று ஏங்கிப்போனாள் பாவி மகள்.

நாற்பதாம் நாள் காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. அடுத்த தெருவில் மஹ்பூபாவின் தங்கை ஸக்கியா அதே காய்ச்சலில் போய்விட்டாள்! அவள் மகள்கள்கூடத் தொற்றுக்குப் பயந்து உள்ளே போகவில்லை. குளிப்பாட்டாமலே பையில் கட்டி எடுத்துவிடலாம் என்று ஆண்கள் பேசத் தொடங்கினார்கள்.

“என் தங்கச்சிய அப்படியே அனுப்பாதீங்கடா...” என்று தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள் மஹ்பூபா.

அப்போது கையுறையை மாட்டிக்கொண்டே ஹனியா வந்தாள். “எந்திரிங்கக்கா. நான் ரெண்டு ஊசியும் போட்டாச்சு, எனக்கென்ன பயம்? வெந்நி வைக்கச் சொல்லுங்க.”

உடன் நின்று தண்ணீர் ஊற்றியவள் நஜ்வா. மூன்று முறை குளிப்பாட்டி, கற்பூரம் தடவி, வெள்ளைத் துணி சுற்றி, ஸக்கியாவைக் கௌரவமாக அனுப்பிவைத்தார்கள்.

எல்லோரும் கலைந்தபின் மஹ்பூபா மருமகள் முன்னால் வந்து நின்றாள்.

“ஏண்டி... எனக்கே அந்தக் காய்ச்சல் வந்திருந்தா?”

“தெனம் அழுதிருப்பேன் மாமி. ஆனாலும் ஹனியா பேரைத்தான் எழுதியிருப்பேன்...”

கிழவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். “கல்நெஞ்சக்காரி! நீ செஞ்சது சரிதான்டி... ஆனா என் மனசு ஆறலையே!”

நஜ்வா அவளை இறுகக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

“ஆற வேணாம் மாமி... திட்டுங்க... இப்படியே என் மொகத்தப் பாத்துத் திட்டுங்க!”