நாற்பத்தொரு மூச்சு

ஆறு மாடி ஏறி வந்த சிர்வார்த்துக்கு மூச்சு வாங்கவில்லை.

மூன்று மணிக்கே மின்சாரம் போய்விட்டது. லிஃப்ட் எந்த மாடியிலோ தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்மேனியர்கள் நெருக்கி வாழும் போர்ஜ் ஹம்மூதின் அந்தக் கட்டடத்தில் யார் படியேறி வந்தாலும், கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஜெனரேட்டர்காரனைத் திட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். சிர்வார்த்தோ பருத்த உடம்புக்காரி, ஆஸ்துமா வேறு. கையில், இறைச்சி தடவிச் சுட்ட சூடான லஹ்மஜூன் ரொட்டிப் பொட்டலத்தோடு வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"கதவத் தொறக்க இவ்ளோ நேரமாடி மழைல ஒரு டாக்ஸி நிக்கல ரொட்டிக்கடைல கூட்டம் பாலத்துக்கிட்ட முழங்கால் தண்ணி உன் அத்தான் ஹகோப் இருக்காரே குடையத் தொலச்சுட்டு என்னையே திட்டுறாரு..."

"கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பேசுக்கா," என்று தங்கை ஷோகிக் சிரித்தாள்.

"அது எதுக்கு இப்போ?" என்றாள் அக்கா.

ஷோகிக்கின் பிழைப்பு, ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்வது. போன வசந்தத்தில் இறந்துபோன இசையமைப்பாளர் வாஹாக்ன் குயும்ஜியானின் படைப்புகள் அனைத்தையும் பாரிஸில் ஒரு நிறுவனம் வெளியிடுகிறது. நால்வர் வாசிக்கும் தந்தி வாத்திய இசையும் இரண்டு பெரிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்புகளும் முடிந்துவிட்டன. மிச்சம் இருந்தது, ஒரு பெண் குரலுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாகக் கிழவர் கடைசியாக எழுதிய பாடல். பாடியவள் சிர்வார்த்.

பதிவைக் கேட்டதும் அவளுக்கு மானம் போய்விட்டது. "வரிக்கு வரி மாடு மாதிரி புஸ்ஸு புஸ்ஸுனு மூச்சு. எனக்கே கேக்கச் சகிக்கல. எல்லாத்தையும் வெட்டிரு, ஹோகிஸ்," என்று கெஞ்சினாள். கொஞ்சுவதற்கு ஆர்மேனியர்களிடம் இருக்கிற சொல் அது, 'என் உயிரே' என்று. எந்தப் பாடகியும் கேட்பதுதான். செவ்வாய்க்கிழமை ஷோகிக் வெட்ட ஆரம்பித்தாள். நாற்பத்தொன்று. கடைசியை இன்று மதியம்தான் வெட்டி முடித்தாள்.

மேசையில் கிழவரின் கையெழுத்துப் பிரதி கிடந்தது. ஒவ்வொரு மூச்சு வாங்கும் இடத்திலும் சிவப்பு மையில் ஒரு குறி. ஓரத்தில், 'மூச்சும் என் சுரம்தான். கை வைக்காதே.' கிழவருக்கு எல்லாமே தன்னுடையதுதான் என்று, வெட்ட ஆரம்பித்த அன்றைக்கு ஷோகிக் சிரித்திருந்தாள்.

ஷோகிக் அக்காவுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள், தனக்கும் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டாள். மழை இருட்டில் மடிக்கணினியின் வெளிச்சம் மட்டும். அக்காவின் வாயருகே கோப்பை. ஆவி நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. அக்கா பேசினால் ஆடியது, பேச்சு நின்றால் மறுபடி நேரானது. அறையில் கேட்டது ஒரே ஒரு மூச்சு. சிறுவயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்து உடைந்த ஷோகிக்கின் மூக்கு, இழுக்கும்போதெல்லாம் இடதுபக்கம் மெல்லியதாக விசிலடிக்கும். அதுதான். அது மட்டும்தான்.

"அக்கா, உன் பம்ப்பு எங்க?"

"செவ்வாய்க்கிழமைலேருந்து தொடவே இல்லடி. ராத்திரி கொறட்டைகூட இல்லயாம், ஹகோப்புக்கு ஒரே சந்தோஷம்."

செவ்வாய்க்கிழமை.

ஷோகிக் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். வெட்டியதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. கை வைக்காத மூலப் பதிவைத் திறந்தாள். அதிலும் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும், ஒலி அலை இருந்த இடத்தில் வெறும் நேர்கோடு. நாற்பத்தொரு நேர்கோடு.

"என்னடி தேடுற? இரு, கடைசி வரியப் பாடிக் காட்டறேன். இப்போ எவ்ளோ சுலபமா வருது பாரு."

"வேணாங்கா!"

பாடிவிட்டாள். கடைசி வரி, கடைசிச் சுரம். அழகாக ஒலித்தது. நீண்டது. இன்னும் நீண்டது.

நிற்கவில்லை.

ஷோகிக் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் வாய் திறந்தபடி. மார்பு அசையவில்லை. சுரம் இம்மியும் இறங்கவில்லை. கண்கள் மட்டும் தங்கையைப் பார்த்துக் கெஞ்சின, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. வாயை மூடக் கை போனது. மூட முடியவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து.

மைக். ஷோகிக்குக்கு வேறெதுவும் தோன்றவில்லை. மைக்கைத் தன் வாயோடு அழுத்தி, இருக்கிற பலத்தையெல்லாம் கூட்டி ஒரு மூச்சை இழுத்தாள். அடிவயிறுவரை. பதிவானதை அறுத்தெடுத்தாள். கடைசி வரிக்கு முன்னால், காலியாக இருந்த இடத்தில் ஒட்டினாள்.

சுரம் நின்றது.

சிர்வார்த்தின் மார்பு ஏறியது, இறங்கியது. இருமினாள், அழுதாள், சிரித்தாள். "செத்தேன்னு நெனச்சேன்டி. வந்துருச்சு ஹோகிஸ், மூச்சு வந்துருச்சு!"

ஷோகிக் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கடவுளே, அக்கா பிழைத்துக்கொண்டாள். காதோரம் அக்காவின் மூச்சு சூடாகப் பட்டது. உள்ளே. வெளியே. உள்ளே இழுக்கும்போது, இடதுபக்கம், ஒரு மெல்லிய விசில்.

'அக்கா' என்று கூப்பிட வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. மூச்சில்லாதபோதும் அக்கா பேசினாள், அவள் குரல் அந்தப் பாடலில் இருந்தது; ஷோகிக்கின் குரல் அதில் எங்குமே கிடையாது. அவள் கொடுத்தது மூச்சை மட்டும்தான்.

கீழே ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு எரிந்தது. ஷோகிக் மேசை முன் நாற்காலியில் உட்கார்ந்தாள். சிர்வார்த் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தைப் பிரித்தாள், ஒரு லஹ்மஜூனைச் சுருட்டிக் கடித்தாள், ஆசையாக ஒரு மூச்சு இழுத்து விசிலடித்தபடி திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நாப்பது எடம் சும்மா கெடக்கே." மைக்கைத் தங்கையின் முகத்துக்கு நேரே திருப்பி வைத்தாள். "என்னடி, மூச்சுக் காட்டாம உக்காந்திருக்க?"

ஷோகிக்கின் முகத்துக்கு அருகே அவளுடைய காபிக் கோப்பை இருந்தது. ஆவி, ஆடாமல், நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.