லண்டன் வண்டி குலுங்குதுங்க

சேற்றுத் தண்ணீர் மொத்தமும் அவள் மேல்தான் விழுந்தது…

உக்கடம் குளத்தை ஒட்டிய சாலை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஆனி மாதச் சாரல், பெய்வதா வேண்டாமா என்று யோசித்தபடியே பெய்துகொண்டிருந்தது. யஷ்வந்த் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. நின்ற பிறகும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிக்கொண்டே இருந்தது.

இறங்கி ஓடினான். "மன்னிச்சுக்கங்க… பள்ளம் தெரியலீங்க…"

அந்தப் பெண் தன் டி.வி.எஸ். வண்டிக்கு ஸ்டாண்டு போட்டாள். நெற்றியில் சேறு. அதற்குக் கீழே இரண்டு கண்கள்… மழைக்குக் கொஞ்சம் முந்திய வானம் போல, இருண்டு, ஈரமாக… யஷ்வந்தின் நெஞ்சுக்குள் அவன் அப்பாவின் நூல் மில் முழுவதும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது.

அந்தக் கண்கள் அவனை ஒருமுறை பார்த்தன. பிறகு அவனைத் தாண்டிப் போய் இடப்பக்க முன்சக்கரத்தில் விழுந்தன. அங்கேயே தங்கிவிட்டன.

"ஏனுங்க, நின்ன வண்டி இத்தனை ஆட்டம் ஆடுது, பார்த்தீங்களா? ஷாக் அப்சார்பர் செத்துப்போச்சுங்க. என் துணி துவைச்சாச் சரியாயிரும். இது சரியாகாதுங்க."

முதல் சந்திப்பில் காதலைச் சொன்னவர்கள் உண்டு. கோபத்தைக் கொட்டியவர்கள் உண்டு. துக்கச் செய்தி சொன்னவள் இவள் ஒருத்திதான்.

பெயர் மெர்சி. ஆட்டோமொபைல் டிப்ளமோ. உக்கடத்தில் 'அன்புமணி ஸ்பிரிங் ஒர்க்ஸ்' அவளுடைய அப்பாவின் பட்டறை. அப்பா லாரிகளைப் பார்ப்பார். மற்றதெல்லாம் மெர்சி.

அந்த வண்டி பீளமேட்டு மில் முதலாளி சீனிவாசலுவுடையது. குன்னூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது விற்றது. நாலு சக்கரமும் இழுக்கும்… தோல் சீட்டு, மரப் பலகை பதித்த டேஷ்போர்டு, ஏறினால் மாளிகை. வீட்டில் அதற்கு லண்டன் வண்டி என்று பெயர். ஆனால் ஓடினால் மாளிகை இடிகிற மாதிரி இருக்கும். அதை யாரும் சீனிவாசலுவிடம் சொன்னதில்லை. ஏறி இறங்கிய சொந்தக்காரர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டே, "அருமையான வண்டிங்க!" என்றார்கள். கொங்கு நாட்டு மரியாதைக்கு முதுகெலும்பு ஒரு பொருட்டே இல்லை.

யஷ்வந்த் வண்டியை மெர்சியிடம் விட்டான். நாலு ஷாக் அப்சார்பரும் புதுசு. சோர்ந்துபோன சுருள் ஸ்பிரிங்குகளும் வெடித்துப்போன ரப்பர் புஷ்களும் போய்ப் புதியவை வந்தன. "டயரும் மாத்துங்க. ரேடியல் போட்டா இன்னும் மெத்துனு இருக்கும்," என்றாள். அதையும் போட்டார்கள். திருச்சி சாலையில் அவளே ஓட்டிக் காட்டினாள். வண்டி… குளத்தில் பரிசல் போவது போலப் போனது.

இரண்டு நாள் கழித்து யஷ்வந்த் பட்டறை வாசலில் நின்றான்.

"திரும்பவும் குலுங்குதுங்க."

மெர்சி ஓட்டிப் பார்த்தாள். குலுங்கவில்லை. டயரில் காற்றைப் பார்த்தாள். அவள் வைத்த அளவு அப்படியே இருந்தது.

"எங்கீங்க குலுங்குது?"

"எங்க ஊட்டுல இருந்து மில்லுக்குப் போறப்ப குலுங்குச்சுங்க… சத்தியமா."

"பட்டறைக்கு வாரப்ப மட்டும் நல்ல புள்ளையாயிருதுங்களா?"

அதுதான் அவனுக்கும் புரியவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. வீட்டில் குலுங்கியது. பட்டறையில் சாதுவாக நின்றது.

பணக்கார வீட்டுப் பையன், பொழுது போகாமல் வருகிறான் என்று மெர்சி சந்தேகப்பட்டாள். இவளுக்கு மட்டும் தெரிந்த ஏதோ வித்தை வண்டிக்குள்ளே இருக்கிறது என்று யஷ்வந்த் சந்தேகப்பட்டான். அதை மனசிலேயே வைத்திருந்திருக்கலாம்…

"தப்பா நினைக்காதீங்க… புதுசுன்னு சொல்லிப்போட்டு, பழைய சாமானையே மாட்டிட்டீங்களோன்னு…"

மெர்சியின் கையிலிருந்த ஸ்பானர் அசையவில்லை. கண்கள் மட்டும் நிறைந்தன. வழியவில்லை. வழிய விடுகிற கண்களும் அல்ல அவை.

"போர்டுல எங்கப்பா பேரு இருக்குதுங்க. திருடறவங்க பேரு போட்டு வெக்க மாட்டாங்க. நீங்க கிளம்புங்க."

கிளம்பினான். ஆனால் ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை, மறுபடியும் வந்து நின்றான்.

"லேசா… குலுங்குதுங்க."

அவள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். ஒரு புஷ்ஷைக் கழற்றினாள். "சாயங்காலம் ஆகும்," என்றாள். அவன் அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து காத்திருந்தான்.

"அன்னைக்கு நான் சொன்னது…"

"எதுங்க?"

"அந்தப் பழைய சாமான்…"

"ஓ, அந்தத் திருட்டுங்களா?"

"திருட்டுன்னு நான் சொல்லலீங்க!"

"மரியாதையாச் சொன்னீங்க. அதான் ரொம்ப வலிச்சுது."

சாரல் அடித்தது. அவன் மன்னிப்புக் கேட்டான். "டீ ஆறுது, குடிங்க," என்றாள் அவள். மன்னித்தாளா இல்லையா என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆறிய டீ தித்தித்தது…

அடுத்த வாரம் சீனிவாசலுவே வந்தார். அதற்கு முந்தின நாள், அவினாசிக் கல்யாணத்துக்குப் போய்வந்ததில் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் அவர் தலை மூன்று முறை கூரையில் இடித்திருந்தது. டிரைவர் மயில்சாமி வண்டியை நிறுத்த, யஷ்வந்த் பின்னாலேயே இறங்கினான்.

"அம்மணி, நேத்து உடம்பு கழண்டு போச்சு. இப்ப இங்க வாரப்ப வெண்ணெய் மாதிரி வருது. என்ன மாயம் பண்றீங்கன்னு தெரியல. நம்ம மில்லு லாரி ஒண்ணுகூட இனி இங்க வராது. மத்த மில்லுக்காரங்ககிட்டயும் நான் சொல்லித்தான் ஆகோணும்."

மெர்சிக்குப் புரிந்தது. அவர் சொன்னால் முடிந்தது. மில் லாரிகளை நம்பித்தான் அந்தப் பட்டறையே ஓடுகிறது. கோயமுத்தூரில் அதற்கப்புறம் அப்பாவிடம் ஒரு கைவண்டிகூட வராது.

"உங்களுக்குப் பூர்வீகம் எங்கீங்க?" என்று கேட்டார் சீனிவாசலு. எங்கள் ஊரில் இந்தக் கேள்வியைப் பூகோள ஆர்வத்தால் யாரும் கேட்பதில்லை.

"பவானிப் பக்கமுங்க. தாத்தா காலம் வரைக்கும் பண்ணையத்துல கூலி வேலைங்க. நாங்க இரும்பு வேலைங்க. திருட்டு வேலை எங்க வம்சத்துல இல்லீங்க." யஷ்வந்த் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நான் வேலை முடிச்சுக் கொடுத்ததுக்கப்புறம்… ஒரு நாளாவது உங்க ஊட்டுல இந்த வண்டி நல்லா ஓடுச்சுங்களா?"

யஷ்வந்த் அவளையும் பார்த்தான், அப்பாவையும் பார்த்தான். இல்லை என்று சொன்னால் அவள் பேர் போய்விடும். ஆமாம் என்று சொன்னால் அவன் பேர் போய்விடும்… அதுவும் அப்பா முன்னால்.

"ஓடுச்சுங்க."

"எப்பங்க?"

"போன வாரம்… பூரா. துளி குலுங்கலீங்க."

"போன வியாழக்கிழமை குலுங்குதுன்னு வந்து நின்னீங்களே?"

"பொய்ங்க."

பட்டறையில் சம்மட்டிச் சத்தம் நின்றது. உள்ளே அன்புமணி காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குப்பா பொய் சொன்னே?" என்றார் சீனிவாசலு.

"இவங்களைப் பார்க்கோணும்னுங்கப்பா. வேற சாக்கு கிடைக்கல."

மெர்சியின் காது மடல் சிவந்தது… ஆனாலும் டிப்ளமோ படித்த மூளை நிற்கவில்லை.

"போன வாரம் வண்டி யாரு எடுத்தது?"

"நான்தானுங்க. மயில்சாமியண்ணன் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போயிருந்தாரு."

எல்லோரும் மயில்சாமியைப் பார்த்தார்கள். மயில்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அண்ணா, வண்டிய ஊட்டுக்குக் கொண்டுபோனதும் என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க அம்மணி… காத்து மட்டும் அடிப்பனுங்க. புது டயரு அடியில பிதுங்கிட்டு நிக்குதுங்க. பெரிய ஊட்டு வண்டி அப்படி நின்னா நாலு பேரு என்ன சொல்லுவாங்க? மில்லுல கம்ப்ரஸர் இருக்குது, காத்துக்கென்ன பஞ்சம்… கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் அடிச்சுருவனுங்க."

"இங்க வாரப்ப சரியா இருக்குதேங்கண்ணா?"

"அம்மணி பாவம், சின்னப்புள்ள… காத்துக் கம்மியா வெச்சது முதலாளிக்குத் தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடம். நான் கூட்டுனது உங்களுக்குத் தெரிஞ்சாலும் சங்கடம். அதனால இங்க வாரப்பெல்லாம் நீங்க வெச்ச அளவுக்கே இறக்கிப்போட்டுத்தானுங்க வண்டிய எடுத்துக் கொடுப்பேன். சந்தைக்குப் போறப்பவும், சின்னவரு இங்க எடுத்துட்டு வந்துருவாருன்னு இறக்கி வெச்சுட்டுத்தானுங்க போனேன்."

மரியாதை! இரண்டு குடும்பத்தையும் திருடன், பொய்யன் என்று பேச வைத்தது கடைசியில் அதுதான்.

"ரேடியல் டயரு அப்படிப் பிதுங்கித்தாங்கண்ணா நிக்கும். கல்லு மாதிரி காத்தடிச்சா வண்டி குலுங்காம என்ன பண்ணும்," என்ற மெர்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீனிவாசலு குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் அன்புமணியைக் கும்பிட்டார்.

"தப்பாப் பேசிப்போட்டேனுங்க. லாரியெல்லாம் எப்பவும் போல இங்கதான் வரும்." வெளியே வந்து மகனிடம், "இன்னொண்ணு சொன்னியே… அது வேற விசயம். அதை ஊட்டுல பேசிக்கலாம்," என்றார். அந்தக் குரலில் கல்யாண மேளம் எதுவும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

சாரல் வலுத்தது. தகரக் கூரைக்குக் கீழே இருவரும் நின்றார்கள்.

"போன வியாழக்கிழமை அந்தப் புஷ்ஷுல ஒரு கோளாறும் இல்லீங்க," என்றாள் மெர்சி, மழையைப் பார்த்து. "கழட்டி, தொடைச்சு, அதையேதான் மாட்டுனேன்."

"அப்ப சாயங்காலம் வரைக்கும்…?"

அவள் கூரைத் தண்ணீரில் கையை நீட்டிக் கழுவிக்கொண்டாள். அவனுக்கு வேறு பதில் தேவைப்படவில்லை.

"நாளைக்கு வாரேனுங்க. வண்டி இல்லாம, டவுன் பஸ்ஸுல. உங்கப்பாகிட்டப் பேசோணும். எங்க ஊட்டுல என்ன சொன்னாலும் வாரேன்."

"அப்பாகிட்ட அப்புறம் பேசலாம்." அவள் திரும்பினாள். கண்ணில் இன்னும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி இருந்தது. "சாக்கு இல்லைன்னுதான் சொன்னீங்க. வேற ஒண்ணும் என்கிட்ட இன்னும் சொல்லலீங்களே?"

யஷ்வந்த் அவள் கண்களை நேராகப் பார்த்தான்.

"உங்களை… எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

"இதாவது நெசங்களா?"

"நெசமுங்க."

"எனக்கும்தானுங்க," என்றாள் மெர்சி… போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டு.