பாலைவனத்தைக் கடந்த ஆபீசர்

பாலைவனத்துக்கு யாராவது மீனைக் கூட்டிக்கொண்டு போவார்களா? நாங்கள் போனோம்.

அந்த மீனின் பெயர் ஆபீசர். ஆரஞ்சு நிறத் தங்கமீன். தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவாகப் போய்வரும். நடுவில் நின்று எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கும். வேலை என்று எதுவும் செய்யாது. அதனால்தான் அந்தப் பெயர்.

உண்மையில் அது மைனாவின் மீன். மைனா எங்கள் கூட்டாளி. தூக்கத்தில்கூட வாய் ஓயாது அவளுக்கு. அவளுடைய அம்மா நர்ஸ். மூன்று மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பாலைவனத்தின் அந்தப் பக்கம் இருக்கும் ஊருக்கு மாற்றல் வந்தது. "கட்டில், பீரோ எல்லாம் ஏத்தலாம். மீனை எல்லாம் ஏத்த முடியாதும்மா" என்று லாரிக்காரர் கையை விரித்துவிட்டார்.

கிளம்பும்போது மைனா மீன் வாளியை என் கையில் கொடுத்தாள். அன்று மட்டும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்கு மனசு தாங்கவில்லை.

"நானே கொண்டுவந்து தர்றேன். உயிரோட, முழுசா, இதே மாதிரி!" என்று சொல்லிவிட்டேன்.

யோசிக்காமல் சொல்வது என் பழக்கம். என்னைக் கடுகு என்று கூப்பிடுவார்கள். ஆள் சின்னது, வெடிப்பது பெரிது.

அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மைனாவின் போன் வரும். முதல் கேள்வி, "ஆபீசர் சாப்பிட்டாரா?" நான் சாப்பிட்டேனா என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பள்ளி விடுமுறையில் வழி பிறந்தது. என் சித்தி லிஃப்ட் மெக்கானிக். மைனாவின் அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் லிஃப்டைச் சோதித்துப் பார்க்க அவர் போக வேண்டியிருந்தது. ஐந்து மணி நேரப் பயணம். வேனில் கயிறு, கிரீஸ் டப்பா, ஸ்பேனர் பெட்டி எல்லாம் போக மூன்று பேருக்கு இடம் இருந்தது.

"மூணு பேர்தான். நாலாவது ஆள் வந்தா மடியில வச்சுக்கணும்" என்றார் சித்தி.

நாலாவது ஆள் ஆபீசர். மூடியில் ஓட்டை போட்ட வாளியில், என் மடியில்தான் வந்தார்.

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். ஒருவன் ஒட்டடை. ஒட்டடைக்குச்சி போல உயரம். வேனுக்குள் தலையைச் சாய்த்துத்தான் உட்கார முடியும். இன்னொருவன் சோப்பு. பென்சிலைத் தொட்டால் கை கழுவுவான். ரப்பரைத் தொட்டால் மறுபடியும் கழுவுவான். ஒருமுறை சோப்பையே கழுவியதைப் பார்த்திருக்கிறேன்.

சாமான்களை ஏற்றும் பொறுப்பைச் சோப்பு எடுத்துக்கொண்டான். பிஸ்கட் பை, தண்ணீர் பாட்டில்கள், ஆபீசரின் கேன் எல்லாவற்றையும் பின்சீட்டுக்குக் கீழே அழகாக அடுக்கினான். அவன் சட்டைக் கை ஈரமாக இருந்தது. நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. அவன் கை என்றைக்குக் காய்ந்திருக்கிறது?

அந்தக் கேன்தான் முக்கியம். அதில் பழைய தண்ணீர் இருந்தது. குழாய்த் தண்ணீரில் கிருமி சாக மருந்து போட்டிருப்பார்கள். நமக்கு அது நல்லது, மீனுக்கு ஆகாது. இரண்டு நாள் திறந்து வைத்தால் மருந்து போய்விடும். அதற்குப் பிறகு அதில் கொஞ்சம் தொட்டித் தண்ணீரையும் கலந்து, வழியில் மாற்றுவதற்காக எடுத்து வைத்திருந்தேன். பார்க்கக் கொஞ்சம் பச்சையாக இருக்கும். ஆபீசருக்கு அதுதான் பிடிக்கும்.

ஊரைத் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. பிறகு மரங்கள் குறைந்தன. கடைசியில் இரண்டு பக்கமும் மணல்தான். ஒட்டடை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒட்டகங்களை எண்ணினான். இரண்டு மணி நேரத்தில் மூன்றே மூன்று. அதில் ஒன்று விளம்பரப் பலகை.

"மணல் ரொம்பச் சுத்தமா இருக்குல்ல?" என்றான் சோப்பு ஆசையாக.

அவன் சொல்லி வாயை மூடவில்லை, சித்தி வேகத்தைக் குறைத்தார். தூரத்தில் வானத்துக்கு அடியில் பழுப்பாக ஒரு சுவர் தெரிந்தது. அந்தச் சுவர் எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"புழுதிப் புயல். எல்லாரும் ஜன்னலை ஏத்துங்க" என்றார் சித்தி.

வேனைச் சாலையிலிருந்து நன்றாக விலக்கி, கெட்டியான தரையில் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். அடுத்த நிமிடம் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. வேன் மேல் யாரோ மூட்டை மூட்டையாக மணலைக் கொட்டுவது போலச் சத்தம்.

"சித்தி, லைட்டையாவது போடுங்க. பயமா இருக்கு" என்றான் ஒட்டடை.

"போடக் கூடாதுடா. பின்னாடி வர்ற வண்டிக்காரர் நம்ம லைட்டைப் பார்த்து, அங்கதான் ரோடு இருக்குன்னு நெனச்சு நேரா வந்து இடிப்பாரு. அணைச்சு வச்சாதான் நமக்கு நல்லது."

"ஏசியாவது?"

"இன்ஜின் ஓடினாதானே ஏசி? ஓட விட்டா இன்ஜினுக்குள்ள புழுதி ஏறிடும். அப்புறம் நாம இங்கேயே வீடு கட்டிக்க வேண்டியதுதான்."

கதவு இடுக்கு வழியாகப் புழுதி மெல்ல உள்ளே வந்தது. சோப்பு கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தான். துடைத்த இடத்தில் மறுபடியும் படிந்தது. மறுபடியும் துடைத்தான். புயலோடு போட்டி போட்ட ஒரே ஆள் அவன்தான்.

ஆனால் சிரிக்கும் நேரம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வேனுக்குள் வெக்கை ஏறிக்கொண்டே போனது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வாளியைத் தொட்டேன், சூடாக இருந்தது. மூடியைத் திறந்தேன்.

ஆபீசர் அங்கும் இங்கும் போகவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரே இடத்தில் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"மூச்சு விட முடியல அவருக்கு! தண்ணி சூடாயிடுச்சு. பாதியை எடுத்துட்டு கேன்ல இருக்குறதை ஊத்தணும். சோப்பு, அந்தக் கேனை எடு!"

சோப்பு கேனை எடுத்தான். ஆனால் கொடுக்கவில்லை.

"கொடுடா!"

நானே வாங்கித் திறந்தேன். தண்ணீர் பளிச்சென்று கண்ணாடி போல இருந்தது. பச்சையைக் காணோம். மருந்து வாசனை மட்டும் குப்பென்று வந்தது.

"என் பழைய தண்ணி எங்கடா?"

"அது... ரொம்ப அழுக்கா இருந்துச்சு" என்றான் சோப்பு. அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது. "ஆபீசர் பாவம்னு நெனச்சேன். கேனை நல்லாக் கழுவிட்டு, புதுத் தண்ணி பிடிச்சு வச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. கடுகு வெடிக்கப் போகிறது என்று தெரிந்து ஒட்டடை இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். மைனாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? உயிரோடு, முழுசாக, இதே மாதிரி என்று சொன்னேனே!

சோப்பைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. புழுதி படிந்த வாளியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சாரி ஆபீசர், சாரி ஆபீசர்" என்று மீனிடம் சொல்லிக்கொண்டிருந்தான். கை அழுக்கானதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

என் கோபம், கரண்ட் போன லிஃப்ட் போலப் பாதி வழியில் நின்றுவிட்டது. இவனைத் திட்டினால் ஆபீசருக்கு மூச்சு வந்துவிடுமா?

"சரி, விடு. இப்ப என்ன பண்ணலாம்னு யோசி" என்றேன்.

குடிக்க வைத்திருந்ததும் அதே குழாய்த் தண்ணீர்தான். ஒட்டடை ஒரு ஸ்ட்ராவை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டு ஊதினான். நாலு ஊதலில் அவனுக்கே தலை சுற்றியது.

"நாம விடுற மூச்சு அதுக்கு எதுக்குடா? அது நாம வேண்டாம்னு வெளிய விட்ட காத்து" என்றார் சித்தி.

நான் ஆபீசரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. வாரா வாரம் தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது நான் ஸ்டூல் மேல் ஏறி நின்று குவளையால் ஊற்றுவேன். தண்ணீர் சளசளவென்று விழும். உள்ளே முத்து முத்தாகக் குமிழி வரும். எங்கே இருந்தாலும் ஆபீசர் ஓடிவந்து அதற்குக் கீழே நிற்பார். அதைத் தவிர வேறு எதற்கும் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"குமிழி! சித்தி, உங்க டம்ளரைக் கொடுங்க!"

வாளியில் இருந்த தண்ணீரையே டம்ளரில் மொண்டேன். கையை நன்றாக உயர்த்தி மேலிருந்து ஊற்றினேன். சளசள. மறுபடியும் மொண்டு ஊற்றினேன். சளசள.

"தண்ணி மேல இருந்து விழும்போது காத்தையும் சேர்த்து உள்ள கொண்டுபோகும். புதுத் தண்ணியே வேண்டாம்!" என்றேன்.

"ஆனா சூடு குறையாதே" என்றான் ஒட்டடை.

அதற்கும் வழி இருந்தது. என் துண்டை எடுத்து வாளியைச் சுற்றிக் கட்டினேன். "சோப்பு, உன் கேன் தண்ணியை இந்தத் துண்டு மேல ஊத்து. உள்ள ஒரு சொட்டு போகக் கூடாது. துணி காயக் காய வாளி குளிரும்."

சோப்பு நிமிர்ந்தான். "என் தண்ணியையா?"

"உன் தண்ணியேதான். குடிக்கிற தண்ணியை இதுக்கு ஊத்த முடியுமா? நல்லவேளை, இது இருக்கு."

அவன் கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் துண்டை நனைத்தான். ஒட்டடை சித்தியின் லிஃப்ட் படங்கள் இருந்த அட்டையை எடுத்து விசிறினான். நான் ஊற்றினேன். நூறு முறை ஊற்றியதும் ஆளை மாற்றிக்கொண்டோம். ஒட்டடைக்கு எண்பதுக்கு மேல் எண்ணிக்கை குழம்பிவிடும். மறுபடியும் ஐம்பதிலிருந்து தொடங்குவான். அதனால் எங்களில் அதிகமாக ஊற்றியது அவன்தான். கை வேறு நீளம், குமிழியும் நிறைய வந்தது.

சித்தியும் ஒரு முறை டம்ளரை எடுத்தார். "மேல, கீழ. மேல, கீழ. வழியிலகூட இந்த வேலை என்னை விடுதா பாரு!" என்றார்.

சோப்பின் முறை வந்தது. வேர்வையும் புழுதியும் சேர்ந்து அவன் முகத்தில் சேறாகியிருந்தது. அவன் துடைக்கவில்லை. எண்ணிக்கொண்டே ஊற்றினான். அறுபத்தேழு, அறுபத்தெட்டு...

"டேய், பாருங்கடா!" என்று கத்தினான்.

ஆபீசர் மேல்மட்டத்தை விட்டுக் கீழே இறங்கியிருந்தார். வாளியின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனார். நடுவில் நின்று எங்கள் நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். 'என்ன கூட்டம் இங்கே?' என்று கேட்பது போல இருந்தது. அந்தப் பார்வையைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

புயல் போக இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் பெரிய பெரிய சொட்டாகக் கொஞ்சம் மழை விழுந்தது. வேன் மேல் இருந்த புழுதி எல்லாம் சேறாக வழிந்தது. சித்தி ஜன்னல்களை இறக்கினார். உள்ளே வந்த காற்று அவ்வளவு ஜில்லென்று இருந்தது. நாங்கள் மிச்சம் இருந்த பிஸ்கட்டைத் தின்றோம். பல்லில் மணல் நறநறத்தது. அதற்கும் சிரித்தோம். போய்ச் சேரும் வரை ஊற்றுவதையும் நிறுத்தவில்லை.

மைனா வாசலிலேயே நின்றிருந்தாள். "ஏன் லேட்டு? புயலா? நான் பயந்தே போயிட்டேன்! ஆபீசர் எங்க? சாப்பிட்டாரா?" என்று மூச்சு விடாமல் கேட்டாள். நாங்கள் மண் பொம்மைகள் போல இறங்கியது அவள் கண்ணிலேயே படவில்லை.

நான் வாளியை நீட்டினேன். "உயிரோட, முழுசா" என்றேன்.

மைனா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆபீசர் அவளைப் பார்த்தார். பிறகு வாளியையும் என்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். என் சட்டை இன்னொரு முறை நனைந்தது.

கூடத்தில் புதுத் தொட்டி தயாராக இருந்தது. மூன்று நாளாகத் திறந்து வைத்த தண்ணீர். வாளியைப் பார்த்துப் பார்த்துக் கவிழ்த்து ஆபீசரை உள்ளே விட்டோம்.

மைனாவின் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, என்ன கோலம் இது! எல்லாரும் போய் முதல்ல கை கால் கழுவுங்க. புதுச் சோப்பு வச்சிருக்கேன்."

நாங்கள் எல்லோரும் சோப்பைத் திரும்பிப் பார்த்தோம். அவன் முதல் ஆளாக ஓடுவான் என்றுதான் நினைத்தோம்.

"ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்றான் அவன். சேறு காய்ந்த கையால் டம்ளரை எடுத்தான். தொட்டியிலிருந்து மொண்டு, கையை உயர்த்தி மேலிருந்து ஊற்றினான்.

சளசள.

புது வீட்டின் மூலையிலிருந்து ஆபீசர் ஓடிவந்து அதற்குக் கீழே நின்றார்.