சீல் வைத்த மண்டபம்

சமையலறைச் சுவரை அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். அந்தப் பக்கத்தில் வீடே கிடையாது. முள்செடியும் உடைந்த ஓடுகளும் கிடக்கிற காலி மனைதான். டீக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தவன் அடுப்பைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தான். விரலை மடக்கித் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு, கொஞ்ச நேரம் சும்மா, மறுபடி ஒரு தட்டு. அவசரமே இல்லாமல், உள்ளே வரலாமா என்று கேட்கிற மரியாதையோடு. சுவரில் காதை வைத்தான். குளிர்ந்திருந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

"சனியன்!" என்று அவன் போட்ட கத்தலில் சத்தம் நின்றது.

மறுநாள் குழாய்காரர் வந்து பார்த்தார். "குழாய்ல காத்து அடைச்சிருக்கும் சார்."

"இந்தச் சுவர்ல குழாயே இல்லையேய்யா!"

"அப்ப எலியா இருக்கும்." பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் எதைக் கேட்டாலும் இப்படித்தான். கையில் அகப்பட்ட பதிலை எடுத்து வீசிவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

அவன் வேலை சீல் வைப்பது. அரசாங்கம் மூடச் சொன்ன கட்டடத்தை மூடி, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்துவான். அலுவலகத்தில் அவனுக்கு 'சீல் சார்' என்றே பெயர். கடைசியாகச் சீல் வைத்தது மௌனக்காரர்களின் மண்டபத்துக்கு. ஊர் வைத்த பெயர்தான் அது. வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதுதான் அவர்கள் வழிபாடு. சுவருக்குள்ளிருந்து ஒருநாள் பதில் வருமாம். அப்படி உட்கார்ந்தே ஒரு கிழவர் பட்டினியில் செத்துப்போனார். பேப்பரில் வந்தது, சட்டசபையில் கத்தினார்கள், அமைப்பையே தடை செய்தார்கள். அதைப் பற்றிப் பேசினாலே வழக்கு.

தடை வந்த அன்று அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவனுடைய தங்கை அங்கே போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. "உன் சத்தம் தாங்கலண்ணா, அதான் போறேன்" என்று சிரித்துக்கொண்டே போனவள். இனி வேறு போக்கிடம் இல்லை, வீட்டுக்கு வந்துதானே ஆகவேண்டும்? அவள் அறையைப் பெருக்கி, தலையணைக்குப் புது உறை போட்டு வைத்தான். மற்ற எல்லோரும் அவரவர் வீட்டுக்குத் திரும்பினார்கள். வாரங்கள் ஓடியும் அவள் மட்டும் வரவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பும்போது அவளிடம் தட்டுகிற சத்தத்தைப் பற்றிச் சொன்னான். அவள் பேச்சை வேறு பக்கம் கொண்டுபோனாள்.

"மண்டபம் திறந்திருந்தப்ப வாராவாரம் போய் உங்க தங்கச்சிக்கு பிரஷர் பார்த்தேன். தண்ணி குடிடீன்னு திட்டிட்டு வந்தேன். இப்ப எங்க போய்ப் பார்க்கிறது?"

"திறந்து வச்சு இன்னும் நாலு பேரு சாகணுமா?"

"கிழவரைச் சாக விட்டவங்களப் புடிச்சு உள்ள போடுங்க. யார் வேணாம்னா? வாசலை எதுக்கு மூடினீங்க?"

"எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாத!" என்று கத்தினான். கத்தியதும் அவனுக்கே அசிங்கமாக இருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். தெருவில் அவள் காலடி ஓய்ந்த பிறகு, படுக்கையறைச் சுவரில் தட்டு கேட்டது.

தங்கையைக் காணோம் என்று போலீசில் புகார் கொடுத்தால் வாங்க மாட்டோம் என்கிறார்கள். மேலதிகாரியோ ஃபைலிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தடை பண்ணியாச்சுய்யா. அப்படி ஒரு அமைப்பே இப்ப கிடையாது. இல்லாத இடத்துலருந்து ஆளு எப்படிக் காணாமப் போகும்?"

"சார், அவ என் தங்கச்சி சார்."

"எல்லாம் வந்துரும். போய் வேலையப் பாரு."

அவன் தன் நாற்காலிக்குத் திரும்பினான். மின்விசிறி கிறீச்சிட்டது, யாரோ பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்கள், ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் மேசையெல்லாம் கொட்டிக் கிடந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு தட்டு. முதுகெலும்பில் அது உறைத்தது. பக்கத்து மேசைக்காரர் நிமிரவேயில்லை.

"உங்களுக்குக் கேக்கலையா?"

"என்னது?"

மறுபடியும். இந்தத் தடவை கொஞ்சம் கீழே. தரையில் உட்கார்ந்திருக்கிற ஒருவரின் கை எட்டுகிற உயரத்தில்.

அன்று சாயங்காலமே தெருமுனைத் தையல்காரம்மாவின் கடைக்குப் போனான். அந்தம்மாவும் மௌனக்காரிதான். தடைக்குப் பிறகு வீடு திரும்பியவள். எத்தனையோ முறை கேட்டும் வாய் திறக்காதவள். அவனைக் கண்டதும் மிஷினை நிறுத்தினாள்.

"அம்மா, உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன். எங்க இருக்கா அவ?"

"பேசினா கேஸ்னு நீங்கதானப்பா எங்க கதவுல ஒட்டினீங்க?"

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

அந்தம்மா தெருவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "மேடைக்குப் பின்னால உள்ளறை இருக்கு. விரதம் எடுத்தவங்க அதுல உட்காருவாங்க. அவ விரதத்துல இருந்தா. நீங்க வந்த அன்னைக்கு எங்கள வேன்ல ஏத்தினாங்க. நான் கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தேன். யாரு பார்த்தா?"

"நான் வாசல்ல நின்னு கூப்பிட்டேனே! உள்ள யாராவது இருக்கீங்களான்னு மூணு தடவ கூப்பிட்டுத்தானே பூட்டினேன்! அதுதானே முறை!"

"விரதத்துல கூப்பிட்டா பதில் சொல்லக் கூடாது தம்பி. தட்டினாத்தான் பதிலுக்குத் தட்டலாம்." அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "நீங்க தட்டினீங்களா?"

அவன் தட்டவில்லை. கூப்பிட்டான், தொண்டை கிழியக் கூப்பிட்டான். பறிமுதல் செய்த பெஞ்சுகளையெல்லாம் ஃபோட்டோ எடுக்க வசதியாகப் பின்சுவரோடு அடுக்கச் சொன்னதும் அவன்தான். பெஞ்சு அடுக்கும்போது டொக் டொக்கென்று ஏதோ கேட்டது. ஜன்னலில் ஆட்கள் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்தான். ஐயோ, அப்படித்தானே நினைத்தான்.

மேலதிகாரிக்கு ஃபோன் போட்டான். "சீலை உடைக்கக் கோர்ட் உத்தரவு வேணும். திங்கட்கிழமை மனு போடு" என்றார். அவன் ஃபோனைச் சட்டைப் பையில் திணித்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

மண்டபத் தெருவில் விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. எதிர்க் கடையில் வெங்காயம் பேரம் நடந்துகொண்டிருந்தது. அரக்கில் அவன் குத்திய முத்திரை அப்படியே இருந்தது. உடைத்தான். கதவைத் தள்ளியதும் ஈரப் பாயின் வாடையும் சுண்ணாம்பு வாடையும் முகத்தில் அடித்தன. அவன் பயந்த வாடை மட்டும் இல்லை. அதுவே அவனுக்கு நம்பிக்கை கொடுத்தது. சத்தமும் இருந்தது. பின்சுவரில், பெஞ்சுகளுக்கு அப்பால், அதே தட்டு.

"வந்துட்டேன்டி! வந்துட்டேன்!"

பெஞ்சுகளை இழுத்தான். ஒன்று காலில் விழுந்தது. வலி தெரியவில்லை. கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் சுவரின் நிறத்திலேயே ஒரு சின்னக் கதவு.

தட்டினான்.

உள்ளே சத்தம் நின்றது.

கதவைத் திறந்தான். ஜன்னல் இல்லாத அறை. ஃபோன் வெளிச்சத்தில் அவள் முதுகு தெரிந்தது. சம்மணம் போட்டு, சுவரில் நெற்றியை முட்டக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா."

தோளைத் தொட்டான். துணிக்குள் எலும்பு. காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரி எடையே இல்லை. உயிர் போய் வெகுநாள் ஆகியிருந்தது. வலது கை மடியில் கிடந்தது. விரல் மூட்டுகளில் தோல் இல்லை, சதை இல்லை. வெள்ளையாக எலும்பு. அவள் முன்னாலிருந்த சுவரில் கைப்பிடி அளவுக்குக் குழி.

அப்படியென்றால் இவ்வளவு நாள் தட்டியது?

அவன் யோசிக்க விரும்பவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு ஓவென்று அழுதான். "தெரியாமப் போச்சுடி. உன்னைக் கூட்டிட்டுப் போகத்தானே எல்லாம் பண்ணேன். அண்ணனைப் பாருடி. ஒரு தடவ பாரு."

கூப்பிட்டால் அவள் எப்படிப் பதில் சொல்வாள்? விரலை மடக்கினான். அவள் தலைக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு தட்டுத் தட்டினான்.

மடியில் கிடந்த கை எழுந்தது.

மெதுவாக. சுவர்ப் பக்கம் போகவில்லை. அவன் பக்கம் திரும்பியது. நெற்றி சுவரிலேயே இருந்தது. முகம் திரும்பவில்லை. கை மட்டும். வெள்ளை எலும்பு அவன் சட்டைப் பொத்தானைத் தடவி விலக்கியது. நெஞ்சில் ஒரு தட்டு.

அவன் கத்தப் பார்த்தான். குரல் வரவில்லை.

கை காத்திருந்தது.

அவன் விலா எலும்புகளுக்கு உள்ளேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.