ஐந்து படி, இரண்டரை அடி

ஐந்து படி இறங்கினால் தரை. அன்றைக்கு ஐந்து படி இறங்கியும் ரஃபியாவின் காலுக்குத் தரை தட்டுப்படவில்லை. கால் இன்னும் அரையடி கீழே போய், இன்னொரு படியில் நின்றது.

மாலை நாலரை மணி இருக்கும். தென்னை ஓலை நிழல் நீல டைல்ஸ் மேல் ஆடிக்கொண்டிருந்தது, தாடிக்கொம்பு ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது, குளோரின் வாடைக்கு அடியில் ஊறிய மரப்பட்டை மாதிரி இன்னொரு வாடை லேசாக மூக்கில் ஏறியது. மகளைக் குளத்தில் இறக்குமுன் தினமும் தான் ஒருமுறை இறங்கிப் பார்ப்பது அவள் வழக்கம். மேலே ஏறினாள். எண்ணிக்கொண்டே ஏறினாள். ஐந்து. மறுபடி இறங்கினாள். ஆறு. மறுபடி ஏறினாள். ஐந்துதான்.

சரிதான், புத்தி பேதலித்துவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஏனென்றால் அந்தக் குளத்தில் அவளுக்குத் தெரியாத அங்குலம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே அவள் பார்த்துப் பார்த்து வைத்த அளவு. ஆறு வயது மகள் ஃபாயிஸாவுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் பலமில்லை. இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் போட்டால்தான் நடை. தினமும் ஒரு மணி நேரம் தண்ணீருக்குள் நடக்கவிடுங்கள், அந்தக் காலை எழுப்பிவிடலாம் என்று மதுரை டாக்டர் சொன்ன அன்றே பின்கட்டில் குளம் வெட்டுவதென்று முடிவானது. தோல் வியாபாரம் செய்யும் கணவன் ஃபாரிஸ், ஒரு பக்கம் ஐந்தடி ஆழம் வைத்தால் தானும் நீந்தலாம் என்று ஆசைப்பட்டான்.

"நீங்க நீந்தணும்னா வைகை டேமுக்குப் போங்க. எங்க நின்னாலும் எம்புள்ளைக்கு நெஞ்சு அளவுதான் இருக்கணும்" என்றாள். இரண்டரை அடி. சரிவு கூடாது, பள்ளம் கூடாது, ஒரே மட்டம். இன்ஜினியர் மோகன்குமார் தலையை ஆட்டிக்கொண்டே நாலு படி வரைந்து கொடுத்தார்.

அந்த நாலுக்குத்தான் கொத்தனார் நாச்சிமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் குந்தி, விரலால் காற்றைத் தொட்டு எண்ணினார். "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம். நஷ்டத்துல முடியுது தாயி. நான் கெட்டமாட்டேன்."

"யோவ், அது வீட்டு வாசப்படிக்குப் பாக்குறது" என்று மோகன்குமார் சிரித்தார். "வீட்டுக்குள்ள ஏறி வாரவங்களுக்கு. கொளத்துக்குள்ள இருந்து யாருய்யா ஏறி வரப்போறா?"

"யாரு வந்தாலும் நல்லபடியா வரட்டுமே சார்."

ரஃபியாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் படியின் உயரத்தைக் குறைத்து ஐந்தாக்கினால் பிள்ளையின் காலுக்குச் சுகம்தானே என்று சரி சொன்னாள். ஒவ்வொரு படி பூசி முடிந்ததும் கொத்தனார் அடியிலிருந்து மேல்வரை கைவைத்து, யாரையோ கையைப் பிடித்து அழைத்து வருகிற மாதிரி, சத்தமாக எண்ணினார். பக்கத்தில் நின்ற ஃபாயிஸா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். அந்த இடத்தில் முன்பு ஃபாரிஸின் தாத்தா காலத்தில் தோலை மரப்பட்டைத் தண்ணீரில் ஊறவைத்த தொட்டிகள் இருந்தன என்பதைத் தோண்டும்போது யாரோ சொன்னார்கள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறாவது படியைப் பற்றி ரஃபியா ஃபாரிஸிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்த அன்றுதான் ஃபாயிஸா இடது காலைத் தண்ணீருக்குள் தானாகத் தூக்கி வைத்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறை. ஃபாரிஸ் குழந்தையைத் தூக்கிச் சுற்றினான். ரஃபியா வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் படிகள் எட்டு ஆயின. பிள்ளையின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு இறங்குவாள். "ஆறு நஷ்டம், ஏழு லாபம், எட்டு நஷ்டம்" என்று ஃபாயிஸா ராகம் போடுவாள். எத்தனை படி இறங்கினாலும் தண்ணீர் பிள்ளையின் நெஞ்சுக்கு மேல் ஏறாது. மூங்கிலை விட்டு அளந்தால் எங்கே அளந்தாலும் இரண்டரை அடிதான். ஏறும்போது ஐந்துதான். ஒரு படி கூடக்கூட கால் ஒரு பிடி பலப்பட்டது. மதுரை டாக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னம்மா செய்றீங்க பாப்பாவுக்கு?"

"தண்ணியில நடக்க விடுறேன் சார். அம்புட்டுதான்."

சொல்லிக்கொண்டே பிள்ளைக்கு அவசரமாகப் பூட்ஸை மாட்டினாள். பிள்ளையின் அந்தக் கால் மட்டும் எந்நேரமும் சில்லென்று இருந்தது அவளுக்குத் தெரியும். வெயிலில் உட்காரவைத்தாலும் சூடு ஏறாது. பாதத்தில் பழுப்பாக ஒரு கறை, சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ராத்திரி எண்ணெய் தடவும்போது அந்த மரப்பட்டை வாடை. பெற்றவளுக்குத் தெரியாதா தன் பிள்ளையின் கால்? அது வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. ஆனால் நடந்தது. அந்தப் பாழாய்ப்போன கால் நன்றாக நடந்தது. அதனால் அவள் மறுநாளும் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினாள், அதற்கு மறுநாளும் இறக்கினாள்.

பதிமூன்றாவது படியில் ஃபாயிஸா எண்ணுவதை நிறுத்தினாள்.

"அம்மா, இதுக்குக் கீழ வெளிச்சமே இல்லம்மா."

"போதும் வா, ஏறிக்கலாம்."

"நானா எறங்கலம்மா. அந்தக் கால் போகுது."

 ரஃபியா பிள்ளையை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். கால் நடக்கவே வேண்டாம் யா அல்லா, பிள்ளை இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான், ரொம்பத் தாமதமாக, அவளுக்குச் சொல்லத் தோன்றியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுதுவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்ட ஃபாரிஸ் ஹாலில் அசந்து தூங்கினான். அவள் பிள்ளையை அவன் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, மோட்டாரைப் போட்டுக் குளத்துத் தண்ணீர் முழுவதையும் தென்னைக்கு இறைத்தாள். ஒரு மணி நேரம் ஆனது. நல்ல வெயில். டைல்ஸ் காய்ந்து கண்ணைக் கூச வைத்தது. ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்து.

தரை.

குதித்துப் பார்த்தாள். கையால் தட்டினாள். கெட்டித் தரை. அங்கேயே சப்பணமிட்டு உட்கார்ந்து சிரித்தாள், பிறகு அழுதாள். எல்லாம் பயம்தான், பைத்தியக்காரி, எல்லாம் உன் பயம்தான். நாளைக்கே மண்ணடித்து மூடிவிடலாம், பிள்ளையை மதுரைக்கே கூட்டிக்கொண்டு போய் வைத்தியம் பார்க்கலாம்.

"ஒண்ணு லாபம்."

தலையைத் தூக்கினாள். ஃபாயிஸா பூட்ஸோடு படியில் நின்றாள். தூங்கி எழுந்த முகம். இரும்புப் பட்டை டைல்ஸில் டக் என்றது.

"ரெண்டு நஷ்டம். மூணு லாபம்."

"பாத்து வாடா தங்கம். தண்ணி இல்ல இப்ப. அம்மாகிட்ட வா."

நாலு. ஐந்து. பிள்ளை தரையில் கால் வைத்தது. கால் தரையில் நிற்கவில்லை.

டைல்ஸ் உடையவில்லை. விரியவில்லை. பூட்ஸ் அதற்குள் போனது. டக். "ஆறு நஷ்டம்." முழங்கால் போனது. டக். "ஏழு லாபம்." ரஃபியா எழப் பார்த்தாள். நேரமில்லை. தவழ்ந்தாள். டக். இடுப்பு. பிள்ளை அவளையே பார்த்தது. அழவில்லை. டக். நெஞ்சு. கழுத்து. தூக்கிய ஒரு கை மட்டும் வெளியே. அவள் பாய்ந்து பிடித்தாள்.

பிடித்துவிட்டாள். மணிக்கட்டு. இழுத்தாள். கத்த நினைத்தாள், சத்தம் வரவில்லை. உள்ளே பாரம். பிறகு பாரம் குறைந்தது. கை மேலே வந்தது. தலை வந்தது. தோள் வந்தது. வந்துவிட்டாள், வந்துவிட்டாள், அல்லா, வந்துவிட்டாள்.

கட்டிப்பிடித்தாள்.

சில்லென்று இருந்தது. உடம்பு முழுவதும்.

மரப்பட்டை வாடை.

காலில் பூட்ஸ் இல்லை. வெறுங்கால். அது அவள் பிடியை மெதுவாக விலக்கியது. திரும்பியது. படியேறியது. இடது கால், வலது கால், இடது கால். சரிசமமாக. நொண்டல் இல்லை. மேல்படியில் நின்று வீட்டைப் பார்த்தது. உள்ளே போனது.

டக்.

காலுக்கு அடியில். டைல்ஸுக்கு அடியில்.

"பத்து நஷ்டம்."

ரஃபியா காதைத் தரையில் வைத்தாள். டக். நகத்தால் டைல்ஸைப் பிறாண்டினாள். நகம் பிய்ந்தது. டக். "பதினொண்ணு லாபம்." பிள்ளையின் குரலில் நடுக்கம் வந்திருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து ஃபாரிஸ் கத்தினான். "அல்ஹம்துலில்லா! ரஃபியா! இங்க வந்து பாரு, புள்ள நடக்குது! ரெண்டு காலும் ஊனி நடக்குது!" அவன் அழுதுகொண்டே பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கரைக்கு ஓடி வந்தான். கீழே விழுந்து கிடப்பவளைப் பார்த்து, சந்தோஷம் தாங்காமல் தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்கிறாள் என்று நினைத்தான் போலிருக்கிறது. "கொளத்துல தண்ணி விடச் சொல்லுதுடி எம்மக! இந்தா வாரேன்."

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பிள்ளையைக் கரையில் இறக்கிவிட்டு அவன் உள்ளே போய்விட்டான்.

குழாய் உறுமியது. போர்வெல் தண்ணீர் டைல்ஸில் விழுந்து, பரவி, அவள் கன்னத்தைத் தொட்டது. கரையில், வெயிலில், இரண்டு வெறுங்கால்கள் வரிசையாக நின்றன.

"பதிமூணு." அதற்குமேல் குரல் வரவில்லை. விசும்பல் மட்டும். பிள்ளைக்கு இருட்டென்றால் பயம்.

"லாபம்" என்றாள் ரஃபியா தரையிடம். குரல் வந்துவிட்டது. "லாபம்டா தங்கம். சொல்லு. அம்மா இங்கதான் இருக்கேன். அடுத்தது சொல்லு."

டக்.

"பதினாலு."

"நஷ்டம்" என்றாள். தண்ணீர் காதுக்குள் ஏறியது. அவள் தலையைத் தூக்கவில்லை.