மூன்று தாள் ஒட்டிய சுவர்

வாருங்கள், வந்து இந்தச் சுவரைப் பாருங்கள். ஸ்ரீரங்கத்து வீடொன்றின் கொல்லைப்புற அறை இது. மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் ஒதுங்கிக் கிடக்கும் அறை. பழங்கதை அல்ல, எழுபத்தாறாம் ஆண்டு. சுண்ணாம்பு அடித்தும் மறையாத நகக்கீறல்கள் தெரிகின்றனவா? பதினாறு வயது வத்ஸலா கீறியவை அவை.

போன மார்கழி, துவாதசிப் பாரணைக்கு வீடு நிறைய விருந்தினர். தூரமாகியிருந்த வத்ஸலா காய்ச்சலில் பிதற்றியபடி கூடத்துக்கு வந்துவிட்டாள். அப்பா வேதாந்தம் அதட்டியே அவளை உள்ளே அனுப்பி, வெளியே தாழிட்டார்.

"அம்மா, தாகமா இருக்கும்மா." மூன்று முறை தட்டினாள்.

குளித்து, தீட்டுப் படாமல் மடியாகச் சமைத்துக்கொண்டிருந்த தாய் அரவிந்தவல்லி போகவில்லை. "நாளைக்கு ஸ்நானம் ஆயிடும், பொறுத்துக்கோடி" என்றாள்.

மறுநாள் குளிப்பாட்டினார்கள். பாடையில் கிடத்துவதற்காக.

இப்போது இளையவள் கோமளா பெரியவளாகும் வயது. "அறைக்குப் பெயிண்ட் அடிச்சுடலாம்" என்றார் வேதாந்தம். திருச்சிப் பெரிய கடைவீதியில் கடைக்காரர் சவரிராயன், பெயிண்டுக்கு முன் சுவரில் ஒட்டும் தாள்களை அரவிந்தவல்லிக்கு விரித்துப் போட்டார்.

"மெலிசே போதும்மா, பெயிண்ட் நல்லா உக்காரும்."

"கீறல் தெரியப்படாது."

"அவ்வளவு ஆழமா? புலி கிலி வளக்கிறீங்களா?" என்று சிரித்தார். அளவு காட்ட நீட்டிய விரலை அரவிந்தவல்லி மடக்கிக்கொண்டாள். இருப்பதிலேயே தடித்த தாளை எடுத்தாள்.

மைதாப்பசையின் புளித்த வாடை அறையெங்கும் கனத்துக் கிடந்த அந்த மாலையில், சுவர் முழுதும் காய்ந்து வெளுத்தும், தரையில் உட்கார்ந்த பெண்ணின் கை எட்டும் உயரத்தில் மட்டும் தாள் ஈரமாகவே இருந்தது. அரவிந்தவல்லி தொட்டாள். சுட்டது, காய்ச்சல்காரியின் நெற்றியைப் போல.

இரண்டாம் தாளிலும் கீறல்கள் மேலெழுந்தன. மூன்றாவதை ஒட்டினாள்.

"ஏன்னா, சுவர் சுடறது."

"பசை காயறதுடி. பெயிண்ட் அடிச்சா தெரியாது."

மறுநாள் காலை கொல்லைக் கதவருகே கோமளா ஒடுங்கி நின்றாள். "அம்மா, நான் உள்ளே வரப்படாது." வேதாந்தம் எட்ட நின்று அறையைக் காட்டினார். அவள் நுழைந்ததும் தாழிட்டார். "போன தடவை பெரியவ வந்த மாதிரி கூடத்துக்கு ஓடி வந்துடப்படாது பாரு."

சமையலில் இருந்த அரவிந்தவல்லிக்குக் கேட்டது.

தட். தட். தட்.

ஓடினாள். ஜன்னல் கம்பிக்குள் பார்த்தாள். கோமளாவின் கைகள் மடியில் இருந்தன. அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் உப்பியது. ஒரு விரல். ஐந்து விரல். உள்ளங்கை. கிழியவில்லை.

"அம்மா, அக்கா தாகம்ங்கறா."

தாழ்ப்பாள் எட்டும் தூரத்தில்தான். குளித்த ஈரம் இன்னும் காயவில்லை. கை பாதி எழுந்தது. அங்கேயே நின்றது.

தட். தட். தட்.

அவள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். படிக்கும் பெருமக்களே, உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருந்தால், இதைக் கீழே வையுங்கள். எழுந்து போங்கள். அந்தத் தாழ்ப்பாளைத் திறந்து, உள்ளே இருப்பவளைத் தொடுங்கள்.